முட்டுச்சந்தில் ஒரு பட்டிமன்றம்

திருச்சியில் பிறந்து வளர்ந்தவர்களில் பாதிப் பேர் மலைக்கோட்டை உச்சிக்கு ஏறியிருக்க மாட்டார்கள். கேட்டுப் பாருங்கள். "எங்கே ஓடிடப் போவுது, பாத்துக்கலாம்" என்பார்கள். என் அக்காவும் திருச்சிக்காரிதான். 2008-ல் கல்யாணமாகி மெல்போர்ன் போனாள். தினம் சாயங்காலம் ஆறரை மணிக்கு டி.வி.யில் ஒரு தெருவைப் பார்ப்பாள். அந்தத் தெரு அவள் வீட்டிலிருந்து காரில் கால் மணி தூரம். பதினொரு வருஷமாக அவள் அங்கே போனதில்லை.

2019 ஏப்ரலில் லீவு போட்டு அங்கே போயிருந்தேன். "என்னடா பாக்கணும்? பென்குவினா, கங்காருவா?" என்று கேட்டாள்.

"ரெண்டும் வேணாம். நீ போன்ல மணிக்கணக்கா சொல்லுவியே, அந்த நெய்பர்ஸ் தெரு, அதைக் காட்டு."

மாமா (அக்கா வீட்டுக்காரர்) பேப்பரை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "டிக்கெட் இல்லாத இடமாப் பாத்துக் கேக்கறான் பாரு. பி.காம்.னா சும்மாவா?"

தெருவுக்குப் போகுமுன் சீரியலைப் பற்றிக் கொஞ்சம். 'நெய்பர்ஸ்' என்றால் அக்கம்பக்கத்தார். ரெக் வாட்சன் என்பவர் உருவாக்கிய ஆஸ்திரேலியத் தொடர். 1985 மார்ச் 18-ம் தேதி செவன் என்கிற சானலில் ஆரம்பமானது. அந்த வருஷமே செவன் கையை உதறிவிட, டென் என்கிற சானல் எடுத்துக்கொண்டது. ஏழு வேண்டாமென்றதைப் பத்து வாங்கி, 1986 ஜனவரியிலிருந்து போட ஆரம்பித்தது. அதற்கப்புறம் ஏழு எத்தனை நாள் தலையில் கை வைத்துக்கொண்டிருந்ததோ!

கதை நடக்கும் ஊர் எரின்ஸ்பரோ. அப்படி ஓர் ஊர் கிடையாது. அதன் ஆங்கில எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் 'ஆர் நெய்பர்ஸ்' என்று வரும். ஆபீஸில் வேலையில்லாத மத்தியானம் பேப்பரும் பென்சிலுமாக முயன்று பாருங்கள். மானேஜர் வந்தால் நான் பொறுப்பல்ல.

ஊர் பொய். ஆனால் தெரு நிஜம். கதையில் ராம்சே ஸ்ட்ரீட். நிஜத்தில் வெர்மான்ட் சவுத் என்ற புறநகரில் பின் ஓக் கோர்ட். நகரத்திலிருந்து வருகிறவர்கள் 75-ம் நம்பர் டிராமில் ஏறிக் கடைசி ஸ்டாப்பில் இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். நல்ல தூக்கம் வரும்.

நாங்கள் காரில் போனோம். சனிக்கிழமை, ஷூட்டிங் இல்லை. இறங்கியதும் எனக்கு வந்த முதல் சந்தேகம், மாமா வழி தவறிவிட்டாரோ என்பது. ஒரு முட்டுச்சந்து. ஆறு செங்கல் வீடுகள், ஆறு புல்தரைகள், ஷெட்டில் கார். எங்கேயோ ஒரு புல்வெட்டும் மிஷின் உறுமிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் ஸார்! ஒரு கோபுரம் இல்லை, நீரூற்று இல்லை, சுண்டல் விற்பவன்கூட இல்லை.

அக்கா மட்டும் கர்ப்பக்கிருகத்துக்கு முன்னால் நிற்கிறவள் மாதிரி நின்றாள். "அதுதான்டா இருபத்தெட்டாம் நம்பர். டாக்டர் கார்ல் வீடு." செருப்பைக் கழற்றாததுதான் பாக்கி.

அந்த வீடுகளில் நிஜ மனிதர்கள் குடியிருக்கிறார்கள். தயாரிப்பாளர்கள் அவர்களுக்குப் பணம் கொடுத்து வாசலிலும் தெருவிலும் படம் பிடித்தார்கள். உள்பக்கம் கிடையாது. கதாநாயகி கதவைத் திறந்து வலது காலை எடுத்து வைத்தால், அந்தக் கால் விழுவது சில கிலோமீட்டர் தள்ளி நூனவாடிங் ஸ்டூடியோவில். வீட்டை விடாமல் வீட்டின் முகத்தை மட்டும் வாடகைக்கு விடுகிற வியாபாரம்! மூன்று வருஷம் காமர்ஸ் படித்தேன், எந்த வாத்தியாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

திரும்பலாம் என்று மாமா சாவியை ஆட்டியபோது ஒரு வேன் வந்து நின்றது. எட்டுப் பேர் இறங்கினார்கள். அத்தனை பேரும் பிரிட்டன்காரர்கள். பூமிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு நாள் முழுக்கப் பறந்து வந்து இந்த முட்டுச்சந்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். வேனிலிருந்து கைடு 'ராம்சே ஸ்ட்ரீட்' என்று எழுதிய பலகையை எடுத்துக் கொடுத்தார். ஆளாளுக்கு அதைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

இவர்கள் ஏன் இப்படி என்று கேட்காதீர்கள், காரணம் இருக்கிறது. 1986 அக்டோபரிலிருந்து பி.பி.சி. இந்தத் தொடரை மத்தியானத்தில் போட்டது. வீட்டிலிருக்கும் பெண்கள், வேலை போனவர்கள், காலேஜுக்கு மட்டம் போட்ட பிள்ளைகள், ஜுரம் என்று ஆபீஸுக்கு லீவு சொன்னவர்கள் (யாரென்று உங்களுக்கே தெரியும்) எல்லாரும் பழகிவிட்டார்கள். 1988-லிருந்து சாயங்காலம் அதையே இன்னொரு தடவையும் போட, ஸ்கூல் பிள்ளைகளும் விழுந்தார்கள். வெளியே மழையும் இருட்டும். பெட்டிக்குள்ளே பளீரென்று வெயில். கைலி மினோக்கும் ஜேசன் டோனவனும் ஜோடியாக நடித்த கல்யாண எபிசோடை பிரிட்டனில் சுமார் ஒரு கோடியே 96 லட்சம் பேர் பார்த்தார்கள். மொய் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மயக்கம் வந்தது.

அந்தக் கல்யாணம் ஆஸ்திரேலியாவில் 1987 ஜூலையில் முடிந்துவிட்டது. பிரிட்டனுக்குப் போய்ச் சேர்ந்தது 1988 நவம்பரில். அந்தக் காலத்தில் லண்டனுக்குப் போன ஆஸ்திரேலியன் ஒவ்வொருவனும் ஒரு நாடி ஜோசியன். யார் யாரைக் கட்டுவார்கள், யார் மண்டையைப் போடுவார்கள் என்று பதினாறு மாசம் முன்கூட்டியே சொல்லுவான்.

போட்டோ முடிந்ததும் பட்டிமன்றம் ஆரம்பமாயிற்று. அவர்கள் ஆங்கிலத்தை என் தமிழில் தருகிறேன்.

லீட்ஸிலிருந்து ஓர் அம்மாள். ஐம்பத்தைந்து இருக்கும், வெள்ளைக் கத்தரிமுடி. தபாலாபீசில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். அவர் எடுத்துக்கொண்ட கேஸ் லூசி ராபின்சன். இந்தப் பெண் பாத்திரத்தில் முதலில் ஒரு சிறுமி, பிறகு இன்னொருத்தி, பிறகு மூன்றாவதாக ஒருத்தி என்று மூன்று பேர் நடித்திருக்கிறார்கள். "இரண்டாமவள்தான் லூசி. மூன்றாவது யாரோ வழிப்போக்கி!" என்றார் லீட்ஸ் அம்மாள். கிளாஸ்கோவிலிருந்து முதுகுமூட்டையோடு வந்த பையன் ஒப்புக்கொள்ளவில்லை. "நடிக்கத் தெரிந்தது மூன்றாமவளுக்குத்தான்" என்றான். இரண்டாமவள் நடித்தபோது அவன் பிறந்தேயிருக்க மாட்டான். அம்மா சொல்லிக் கொடுத்த வாதமாம். பரம்பரைச் சொத்து.

நான் சும்மா இருக்க மாட்டாமல், "எங்க ஊர் சீரியலில் ஆளை மாற்றினால் 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று திரையிலேயே எழுதிப் போட்டுவிடுவோம்" என்றேன்.

எட்டுப் பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "நிஜமாகவா? எழுதியே காட்டுவார்களா?" என்றார் லீட்ஸ் அம்மாள். "எவ்வளவு நாணயமான ஜனங்கள்!" நம் சீரியல் உலகத்துக்கு அயல்நாட்டில் கிடைத்த இந்தப் பாராட்டை இங்கே பதிவு செய்துவைக்கிறேன்.

அடுத்த கேஸ் ஹரால்ட் பிஷப். பாவம், குண்டு மனிதர். 1991-ல் கடற்கரைப் பாறையிலிருந்து அலை அடித்துக்கொண்டு போய்விட்டது. மூக்குக் கண்ணாடி மட்டும் மிச்சம். ஐந்து வருஷம் கழித்து 1996-ல் ஞாபகம் தப்பி, டெட் என்கிற பெயரில் திரும்பி வருகிறார். கார்டிஃபிலிருந்து வந்த தம்பதிக்குள்ளேயே இதில் சண்டை. "இடையில் அவர் மனைவி மேட்ஜ் வேறு கல்யாணம் பண்ணியிருந்தால் செல்லுமா?" என்கிறார் கணவர். "உங்களுக்கு ஏன் அந்தக் கவலை?" என்கிறார் மனைவி. ஆள் காணாமல் போய் ஏழு வருஷம் ஆனால்தான் இறந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும் என்று எங்கோ படித்ததை நான் எடுத்துவிட்டேன். ஐந்து வருஷம் போதாது. கார்டிஃப்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மனைவி குலுக்கவில்லை.

பிறகு டாக்டர் கார்ல். 1998-ல் இவர் தன் ரிசப்ஷனிஸ்ட் சாராவுக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டார். மனைவி சூசன் அறைந்தாள். இருபத்தோரு வருஷம் ஆகியும் லீட்ஸ் அம்மாள் மன்னிக்கத் தயாரில்லை. "ஒரு முத்தம்தானே?" என்றது கிளாஸ்கோ. "முத்தத்தில் என்ன ஒன்று, இரண்டு? இது என்ன ஸ்டாம்ப்பா?" என்று சீறினார் முன்னாள் தபாலாபீஸ். இத்தனைக்கும் இவர், முந்தைய பயணத்தில் செயின்ட் கில்டா பக்கம் ஒரு பப்பில் நடிகர்கள் ரசிகர்களைச் சந்திக்கும் ராத்திரியில், கார்லாக நடிக்கும் ஆலன் ஃப்ளெட்சரோடு கன்னத்தோடு கன்னம் வைத்து எடுத்த போட்டோவைப் பர்ஸில் வைத்திருந்தார். "அது வேறு. அவர் தங்கமான மனுஷன். கார்ல்தான் அயோக்கியன்."

மாமா காரில் சாய்ந்து தூங்கியே விட்டார். அப்போதுதான் அக்கா வாயைத் திறந்தாள்.

"கபூர் குடும்பத்தை ஏன் அனுப்பிட்டாங்க?" என்று கேட்டாள்.

யாரும் பதில் சொல்லவில்லை. புல்வெட்டும் மிஷின்கூட அந்த நேரம் பார்த்து நின்றது.

இங்கே கொஞ்சம் பழங்கதை சொல்ல வேண்டும். அக்கா மெல்போர்ன் போன புதிதில் அவளுக்கு ஆஸ்திரேலிய ஆங்கிலம் புரியாது. மத்தியானத்தை 'ஆர்வோ' என்பார்கள், கொசுவை 'மொஸ்ஸி' என்பார்கள். பாஷை கற்றுக்கொள்ளத்தான் இந்த சீரியலைப் பார்க்க ஆரம்பித்தாள். பிறகு 2009 வந்தது. இந்திய மாணவர்களை ரயிலிலும் தெருவிலும் மறித்து அடித்தார்கள் என்று வரிசையாகச் செய்திகள். மே மாசக் கடைசியில் மெல்போர்ன் நடுத்தெருவில் மாணவர்கள் உட்கார்ந்து போராட்டம் நடத்தினார்கள். மாமாவுக்கு அப்போது செகண்ட் ஷிஃப்ட். கடைசி ரயிலில் வருவார். அவர் வருகிறவரை அக்கா விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். டி.வி.யில் வந்த தெருவில் மட்டும் பக்கத்து வீட்டுக்காரர் கேக் எடுத்துக்கொண்டு கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

2011-ல் ஒரு நாள் திருச்சிக்கு போன் வந்தது. "அம்மா, நம்மாளுங்க தெருவுக்குக் குடி வந்துட்டாங்க!"

அம்மா நிஜம் என்றே நினைத்தாள். "எந்த ஊராம்?"

"கபூராம். அவர் வக்கீல். அவங்க ஸ்கூல் பிரின்சிபால். ஒரே பொண்ணு."

"வடக்கத்தியாளுங்களா? பரவால்ல. அவசரத்துக்கு உறைமோராவது வாங்கிக்கலாம்."

அஜய் கபூராக சச்சின் ஜோப், ப்ரியாவாக மேனிக் குணரத்ன, மகள் ராணியாக கோகோ செரியன். 1985-லிருந்து ஓடுகிற தெருவில் ஓர் இந்தியக் குடும்பம் நிரந்தரமாகக் குடிவர இருபத்தாறு வருஷம் ஆகியிருக்கிறது. வந்ததும் என்ன நடந்தது தெரியுமா? ரசிகர்களில் ஒரு பகுதியினர் கொதித்துப்போய் எழுதினார்கள். 'ஆஸ்திரேலியத் தெருவில் இந்தியக் குடும்பமா, யதார்த்தமாக இல்லையே' என்று. நிறவெறி வசனங்களைத் தயாரிப்பாளர்கள் தேடித் தேடி நீக்க வேண்டியிருந்தது.

யதார்த்தத்தைக் கொஞ்சம் பார்க்கலாமா? இந்தத் தொடரில் 1990-ல் பவுன்சர் என்கிற நாய் பக்கத்து வீட்டுப் பெண் நாயைக் கல்யாணம் செய்துகொள்வதாகக் கனவு கண்டது. அந்தக் கனவை நாம் பார்த்தோம். கடலோடு போனவர் ஐந்து வருஷம் கழித்து வந்தார். 2002-ல் சூசன் கொட்டின பாலில் வழுக்கி விழுந்து, எழுந்து, தனக்குப் பதினாறு வயசு என்றாள். எல்லாம் யதார்த்தம். பிரவுன் கலரில் ஒரு வக்கீல் வீடு எடுத்தால் மட்டும் நம்ப முடியவில்லை! அதே 2011-ல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில், இந்தியாவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வாழ்ந்தவர்கள் சுமார் 2 லட்சத்து 95 ஆயிரம் பேர். அதில் ஒருத்தி ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தாள்.

முட்டுச்சந்துக்குத் திரும்புவோம். லீட்ஸ் அம்மாள்தான் முதலில் பேசினார்.

"உள்ளதைச் சொல்கிறேன் கண்ணு, கோபித்துக்கொள்ளாதே. ஆரம்பத்தில் அவர்கள் போர்."

"போரடிக்கற மாதிரி வெச்சது யாரு?" என்றாள் அக்கா. அவள் இங்கிலீஷில் இவ்வளவு வேகமாகப் பேசி நான் கேட்டதில்லை. "நல்லவங்க, படிச்சவங்க, சிரிச்ச முகம். அதைத் தவிர அவங்களுக்கு எழுத ஒண்ணுமே கிடைக்கலையா? அப்புறம் திடீர்னு அந்தப் ப்ரியாவுக்கு பால் ராபின்சனோட கள்ளத்தொடர்பு! முதல் தடவையா நம்மளை மாதிரி ஒருத்தி வரா, அவளுக்கு இதுதானா? 2013-ல ஒரு கல்யாணத்துல வெடிவிபத்து, அவ செத்துப்போனா. அவ்வளவுதான், வீடு காலி. எங்கம்மாகிட்ட என்னன்னு சொல்றது?" (அம்மாவிடம் வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் சொன்னாளாம். "வாடகை ஏத்திட்டானா?" என்று கேட்டாளாம் அம்மா.)

லீட்ஸ் அம்மாள் அக்காவின் முழங்கையைத் தொட்டார். "இதோ பார். பால் ராபின்சனோடு தொடர்பு வைத்துக்கொள்ளாத பெண் இந்தத் தெருவில் யார்? அன்றைக்குத்தான் ப்ரியா எங்களில் ஒருத்தி ஆனாள். அதுவரை அவள் விருந்தாளி. நான் அவளைத் திட்ட ஆரம்பித்ததே அன்றைக்குத்தான். என் தங்கையைத் திட்டுகிற மாதிரி."

அக்கா பதில் சொல்லவில்லை. இப்படி ஒரு கோணம் இருக்கும் என்று அவள் யோசித்ததே இல்லையென்று முகத்தில் தெரிந்தது. எனக்கும்தான். நாம் எந்தப் படத்தில் நம்மாளைக் கண்டாலும் அவன் நல்லவனாக இருக்கிறானா என்றுதான் முதலில் பார்க்கிறோம். கெட்டுப்போகிற சுதந்திரமும் சமத்துவத்தில் சேர்த்தி என்று தபாலாபீஸ் அம்மாள் சொல்லித்தான் தெரிய வேண்டியிருக்கிறது.

ஆனால் கிளாஸ்கோ பையன் விடவில்லை. "ஹரால்டைக் கடலிலிருந்தே திரும்பக் கொண்டுவந்தார்கள்" என்றான், செருப்பு முனையால் புல்லைக் கிளறிக்கொண்டு. "ப்ரியாவைக் கொண்டுவருவார்களா?"

இதற்கு லீட்ஸ் அம்மாளிடம் பதில் இல்லை. போட்டோவைப் பர்ஸில் வைத்து மூடினார். கைடு கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

வேன் கிளம்புமுன் இரண்டு பெண்களும் போன் நம்பர் எழுதிக்கொண்டார்கள். அந்த நேரத்தில் ஒரு வீட்டிலிருந்து ஒருவர் குப்பைத்தொட்டியை உருட்டிக்கொண்டு வெளியே வந்து, எங்கள் எல்லாரையும் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். ராம்சே ஸ்ட்ரீட்டில் நான் பார்த்த ஒரே நிஜ அண்டை வீட்டுக்காரர்.

அதற்கப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021-ல் திப்பி என்கிற பாத்திரத்தில் நடித்த ஷாரன் ஜோஹலும், பூர்வகுடி நடிகர்கள் இருவரும், படப்பிடிப்புத் தளத்திலேயே நிறவெறியை அனுபவித்ததாகப் பகிரங்கமாகச் சொன்னார்கள். தயாரிப்பு நிறுவனம் விசாரணை வைப்பதாக அறிவித்தது. அக்கா ஒரு மாசம் சீரியல் பார்க்கவில்லை. பிறகு பார்த்தாள்.

2022-ல் பிரிட்டனின் சானல் 5 விலகிக்கொண்டது. 2008 முதல் பி.பி.சி.க்குப் பதிலாகத் தொடரைப் போட்டுக்கொண்டிருந்த சானல் அது. அவர்கள் பணம் நின்றதும் ஆஸ்திரேலியத் தெருவின் விளக்கு அணைந்துவிட்டது. அன்றைக்குத்தான் காமர்ஸ் மூளைக்கு உறைத்தது: அந்த வேனில் வந்த எட்டுப் பேரும் டூரிஸ்ட்டுகள் இல்லை, பங்குதாரர்கள்! பொதுக்குழுக் கூட்டத்தைத்தான் தெருவில் நின்று நடத்தியிருக்கிறார்கள். ஜூலை 28-ம் தேதி 'கடைசி' எபிசோடுக்குக் கைலியும் ஜேசனும் வந்து போனார்கள். ஹரால்ட் கதைதான், செத்தது எழுந்தது. 2023 செப்டம்பரில் அமேசான் புண்ணியத்தில் மறுபடி தொடங்கியது. 2025 டிசம்பரில் மறுபடி நின்றது. நாற்பது வருஷம், 9,000 எபிசோடுகளுக்கு மேல்.

அன்றைக்கு ராத்திரி அக்கா போன் செய்தாள். லீட்ஸ் அம்மாள் முக்கால் மணி நேரம் பேசினாராம். இன்னமும் லூசி விஷயத்தில் விட்டுக்கொடுக்கவில்லையாம். கார்லை மன்னித்தாரா என்று கேட்டேன். "நான் கேக்கவே இல்லடா. எதுக்கு வம்பு."

அம்மா பக்கத்திலிருந்து போனைப் பிடுங்கினாள். காது முன்போல் இல்லை, சத்தமாகத்தான் பேசுவாள்.

"ஏன்டி, அந்தத் தெரு நாடகம் முடிஞ்சிடுச்சாமே? அந்தக் கபூர் பொண்ணு... பிரின்சிபாலா இருந்தாளே, வீடு மாத்திக்கிட்டுப் போனாங்களே, அவங்கெல்லாம் நல்லா இருக்காங்களா?"

அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை.

"நல்லா இருக்காங்கம்மா" என்றாள் அக்கா. "பொண்ணுக்குக்கூட வேலை கிடைச்சிடுச்சாம்."